செவலைப் பசுவும் எனக்கு இல்லாத மூலமும்

தினமும் விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பசு வந்து நிற்கும். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். பசுவுக்கு என்மேல் எந்தக் கோபமும் கிடையாது. அது என்னை ஒரு ஆளாகவே மதித்ததில்லை. பயமெல்லாம் என் பக்கம்தான்.

உத்திரமேரூர் கரண்ட் ஆபீஸில் எனக்கு ரீடிங் எடுக்கிற வேலை. காஞ்சிபுரத்தில் தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த குடும்பத்தில், முதன்முதலாக எழுந்து நின்று நடக்கிற உத்தியோகத்துக்கு வந்தவன் நான். நடக்கிற உத்தியோகம் என்றால் சும்மா இல்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டு மீட்டர், கிணற்று மோட்டார் மீட்டர் எல்லாவற்றையும் போய்ப் பார்த்து எழுதி வரவேண்டும். கரண்ட்டுக்கு நான் பயந்ததில்லை. அது பெட்டிக்குள் இருக்கிறது, துரத்தாது. நாய், மாடு, வான்கோழி, மேலதிகாரி இந்த நாலும் துரத்தும்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். பிறந்த கொஞ்ச நாளில் என் மனைவி காய்ச்சலில் படுத்தாள். அவள் எழுந்தபோது தாய்ப்பால் வற்றிப் போயிருந்தது. டப்பா மாவைக் கரைத்துக் கொடுத்தோம், குழந்தை அதை எங்கள் மேலேயே திருப்பிக் கொடுத்தது. டீக்கடைக்கு வருகிற பாலை வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தோம், வயிற்றால் போனது. பிறந்தபோது இருந்த கன்னம்கூட இல்லாமல், கிழவன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். எங்கள் அப்பா ஜாடை என்றார்கள். எனக்கு அழுகை வந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கிய மாமியார் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கொழந்தைக்கு ஒத்த மாட்டுப் பாலுதான் குடுக்கணும். பத்து மாட்டுப் பாலு கலந்து குடுத்தா பத்து மாடும் வயித்துக்குள்ள முட்டிக்கும். இதுகூடத் தெரியாம இன்னா மாப்ள ரீடிங் எடுக்கறீங்க?"

ரீடிங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. டாக்டரிடம் கேட்டேன். "எது வயித்துல நிக்குதோ அதைக் கொடுங்க, நல்லாக் காய்ச்சி, கொஞ்சம் தண்ணி விட்டு" என்றார். ஆக, ஒற்றை மாடு வேண்டும். எங்கே போவேன்?

அந்த மாட்டை நான் கண்டுபிடித்தது ஒரு வைக்கோல் போரின் உச்சியிலிருந்து.

ஏரிக்கால்வாய் ஓரத்து ஊர் ஒன்றில் கிணற்று மோட்டார் ரீடிங் எடுக்கப் போயிருந்தேன். ஒரு நாய் குலைத்துக்கொண்டே வந்தது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, நான் வைக்கோல் போரின் மேல் இருந்தேன் என்பதுதான். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. கீழே இடுப்பில் கை வைத்து அந்த வீட்டு அம்மா நின்றாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள் இருப்பாள்.

"இன்னா சார், மீட்டரு கெணத்தாண்ட கீது. நீ போரு மேல ஏறி இன்னா ரீடிங் எடுத்துக்கினு கீற?"

"நாயைப் புடிங்க அக்கா!"

"அது குலைக்கத்தான் குலைக்கும். கடிக்கணும்னா அதுக்குப் பல்லு ஓணும்."

நாய் வாயைத் திறந்தபோது பார்த்தேன். உண்மைதான். ஈறு மட்டும் இருந்தது. இறங்கலாமா என்று யோசிக்கும்போதுதான் கொட்டகைப் பக்கம் புங்க மரத்தடியில் அந்தச் செவலைப் பசு கண்ணில் பட்டது. பக்கத்தில் கன்று. 

"அக்கா, அந்த மாடு பால் கறக்குமா?" என்றேன் மேலிருந்தே.

"பின்ன, மோரா கறக்கும்?"

குழந்தை சமாச்சாரத்தைச் சொன்னேன். வைக்கோல் போரின் மேல் உட்கார்ந்து குடும்பக் கஷ்டத்தைச் சொன்ன அரசாங்க ஊழியன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "மொதல்ல கீழ எறங்கு சார். நாளைக்கு மாட்டை இட்டுக்கினு வரேன்" என்றாள்.

அப்படி வந்ததுதான் வாசலில் பசு. உத்திரமேரூர் கடைக்கோடியில், அவள் ஊருக்குப் போகிற பாதை முனையில் எங்கள் வீடு. பசுவை நிறுத்தி, கன்றைக் காட்டி, மடியைக் கழுவிவிட்டு, கறக்கிற சொம்பை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். உள்ளே தண்ணீர் இல்லை என்று பால் வாங்குகிறவன் கண்ணால் பார்க்கவேண்டும். அதுதான் முறை. பார்க்காமல் கறக்கமாட்டாள்.

"பாத்துக்கோ சார்."

"பாத்துட்டேன் அக்கா."

"கதவுக்குப் பின்னால இருந்து இன்னாத்தப் பாத்த? வெளிய வந்து பாரு."

நான் தலையை மட்டும் நீட்டுவேன். பசு தலையைத் திருப்பும். நான் தலையை இழுத்துக்கொள்வேன். என் மனைவி வந்து பார்த்து, சொம்பை வாங்கிக்கொண்டு போவாள்.

பால் வயிற்றில் நின்றது. ஒரு மாதத்தில் பெண்ணுக்குக் கன்னம் திரும்பியது. எங்கள் அப்பா ஜாடை போய் என் மாமியார் ஜாடை வந்தது. அதற்கும் பால்தான் காரணம் என்று மாமியார் சொல்லிக்கொண்டாள். பாலோடு சேர்ந்து கத்திரிக்காய் வந்தது, பச்சை மிளகாய் வந்தது, வரப்பில் முளைத்த பொன்னாங்கண்ணி வந்தது, அறுவடை முடிந்ததும் புது அரிசி வந்தது. நாங்கள் சாப்பிட்டதில் உப்பும் சர்க்கரையும் தவிர முக்கால்வாசி அந்த ஒரு வீட்டு நிலத்தில் விளைந்ததுதான். இந்தக் கத்திரிக்காய் எந்தச் செடியில் காய்த்தது என்று எனக்குத் தெரியும். அந்தச் செடிக்குத் தண்ணீர் இறைத்த மோட்டாரின் ரீடிங்கும் தெரியும். இதைவிட ஒரு மனுஷன் தன் சாப்பாட்டைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பசுக்கார அம்மா ஊரில் பால் சங்கம் வந்தது.

சங்கத்தைப் பற்றி நான் தப்பாகச் சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் பால்காரத் தரகர்கள் அளந்ததுதான் அளவு, கொடுத்ததுதான் விலை. சங்கம் வந்தபிறகு சரியாக அளந்தார்கள், தவறாமல் பட்டுவாடா செய்தார்கள். மாட்டுத் தீவனம் கொடுத்தார்கள், மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் வந்தார். அந்த அம்மா சங்கத்துக் கடனில் ஒரு சினை எருமையே வாங்கினாள். செக்ரட்டரி அந்த ஊர்க்காரர், அவளுக்குப் பங்காளி வழியில் கொழுந்தன் முறை. நல்ல மனுஷன். ராத்தூக்கம் இல்லாமல் அவரை அலைக்கழித்தது வேன்தான். காலையில் வருகிற பால் வேனுக்குக் கேன்கள் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் வேன் அந்தப் பாதையை விட்டுவிடும். வேன் போனால் சங்கம் போச்சு, பழைய தரகர்கள் மறுபடி சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் தண்டோரா போட்டார்கள். சங்கத்து மெம்பர்கள் வெளியாருக்குப் பால் விற்கக்கூடாது. விற்றால் பேரை அடித்துவிடுவோம். தீவனம் இல்லை, கடன் இல்லை, டாக்டர் இல்லை. "நாங்க எங்க விக்கறோம், சும்மா குடுக்கறோம்" என்று சிலர் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல, செக்ரட்டரிக்கு ரோஷம் வந்து மறுநாள் இரண்டாவது தண்டோரா போட்டார். வித்தாலும் சரி, சும்மா குடுத்தாலும் சரி, கறந்த பாலில் ஒரு சொட்டு சங்கத்தைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

அடுத்த நாள் விடிந்தது, பசு வரவில்லை. அவள் மட்டும் வந்தாள், வெறுங்கையோடு.

"சார், மாட்டை இட்டுக்கினு வரணும்னா சங்கத்து வாசல் தாண்டித்தான் வரணும். எருமை கடன் கீது. வூட்டுக்காரரு பயப்படறாரு."

நான் தலையை ஆட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தேன். பெண் கட்டை விரலைச் சப்பிக்கொண்டு சிரித்தாள்.  அன்று ஒரு நாளில் நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானே ஒரு மாடு வாங்கிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். "அதுக்கு யாரு தண்ணி காட்டுவாங்க, கதவுக்குப் பின்னாலேர்ந்து நீங்களா?" என்றாள். ஆடு வாங்கலாமா என்றேன். வேலையை ராஜினாமா செய்துவிட்டு மாகறல் பக்கம் இருந்த அவள் அத்தை ஊருக்கே குடிபோகலாம் என்றேன், அங்கே அத்தை வீட்டில் மாடு உண்டு. அத்தை செத்து நாலு வருஷம் ஆகிறது என்று மனைவி ஞாபகப்படுத்தினாள். சங்கத்துப் பாலையே வாங்கி ஒரு வேளை கொடுத்துப் பார்த்தோம். நல்ல பால்தான். ஆனால் ஊர் மாடெல்லாம் சேர்ந்த பால். மாமியார் சொன்னபடி எல்லா மாடும் உள்ளே முட்டிக்கொண்டன.

மறுநாள் ரீடிங் பையை மாட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கு ஓடினேன். அவள் யோசித்தாள். அப்புறம் என் பையைப் பார்த்தாள்.

"இதுல ஒரு கூஜா போவுமா?"

இப்படியாக நான் பால் கடத்த ஆரம்பித்தேன். காக்கிப் பையின் அடியில் எவர்சில்வர் கூஜா, அதன்மேல் துண்டு, அதன்மேல் ரீடிங் புத்தகம். அந்தப் பாதையில் சாராயம் போயிருக்கிறது, சந்தன மரம் போயிருக்கிறது. கடத்துகிறவனே இவ்வளவு நடுங்கிக்கொண்டு போன சரக்கு என்னுடையதாகத்தான் இருக்கும். எதிரே ஒரு சைக்கிள் மணி அடித்தால் போலீஸ் என்று நினைப்பேன். காக்கிச் சட்டை போட்டிருக்கிறானே, யார் என்று பார்ப்பேன். தபால்காரராக இருப்பார். மெமோ, சஸ்பென்ஷன், விசாரணை என்று மனதுக்குள் ஒரு ஆபீஸே நடந்துகொண்டிருக்கும். பேப்பரில் என்ன போடுவார்கள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். 'பால் கடத்திய கரண்ட் ஆபீஸ் ஆசாமி பிடிபட்டார், கூஜா பறிமுதல்.' இத்தனைக்கும் எனக்குச் சட்டப்படி ஒரு தண்டனையும் கிடையாது. மாட்டிக்கொண்டால் போவது அவள் பேர்தான். அதுதான் என்னை உண்மையிலேயே உலுக்கியது. மற்றதெல்லாம் நானே சேர்த்துக்கொண்ட ஜோடனை.

கடத்த ஆரம்பித்த முதல் வாரமே செக்ரட்டரி எதிரே சைக்கிளில் வந்தார். இறங்கினார்.

"இன்னா சார் பையி இவ்ளோ கனமா கீது? கூஜா மாதிரி தெரியுதே."

"தண்ணி சார், தண்ணி."

"நல்லதாப் போச்சு. தொண்டை காயுது. கொஞ்சம் குடுங்க."

 வாய் தானாகத் திறந்து, என்னைக் கேட்காமலேயே பேசியது.

"இது... மருந்துத் தண்ணி சார்."

"மருந்தா? இன்னா ஒடம்புக்கு?"

உலகத்தில் எத்தனையோ வியாதி இருக்கிறது. தலைவலி இருக்கிறது, வாயு இருக்கிறது. என் வாய்க்கு வந்தது, "மூலம் சார்."

அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. "அடடா! நடந்துக்கினே இருக்கற வேலையாச்சே" என்று தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை செக்ரட்டரி எங்கள் வாசலில் நின்றார், கையில் ஒரு கட்டுத் துத்திக்கீரையோடு. மூலத்துக்கு அதுபோல மருந்து கிடையாதாம். என் மனைவி வாங்கிக்கொண்டாள். எனக்கு மூலம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரியும். ஒரு வாரத்தில் செய்தி ஊர் ஊராகப் போய்விட்டது. ரீடிங் எடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் "உக்காராதீங்க சார், நின்னுக்கினே இருங்க" என்று கரிசனம் காட்டினார்கள். ஒரு வீட்டில் கருணைக்கிழங்கு கொடுத்தார்கள். செக்ரட்டரி மட்டும் விடாமல் கீரை கொண்டு வந்தார். வீட்டில் தினமும் துத்திக்கீரைப் பொரியல், துத்திக்கீரை அடை. இல்லாத வியாதிக்கு இவ்வளவு சாப்பிட்டவன் எவனும் இருக்கமாட்டான். கீரையை மெல்லும்போதெல்லாம், இந்த நல்ல மனுஷனைத்தானே ஏமாற்றுகிறோம் என்று தொண்டையில் சிக்கும். ஆனால் அந்தப் பக்கம் பெண் பால் குடித்துவிட்டு ஏப்பம் விடும். விழுங்கிவிடுவேன்.

இப்படியே போயிருக்கும். ஆனால் சங்கத்துக் கட்டடத்துக்கும் ஒரு மீட்டர் இருந்தது. அதற்கும் ரீடிங் எடுக்க வேண்டிய நாள் வந்தது.

காலை நேரம். சங்கத்து வாசலில் ஆணும் பெண்ணுமாக வரிசை, கையில் சொம்பும் வாளியும். ஒரு பக்கம் லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இன்னொரு பக்கம் அளந்து கேனில் ஊற்றுகிறார்கள். மீட்டர் பெட்டி அந்தக் கேன்களுக்கு நேர் மேலே. என் பையில் அன்றைய கூஜா. அதற்குச் சற்று முன்புதான் அவள் கொட்டகையில் வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தேன். பால் இருக்கிற இடத்துக்கே பாலைக் கடத்திக்கொண்டு வந்த ஒரே கடத்தல்காரன் நான்.

"வாங்க சார், ஒடம்பு எப்படிக் கீது?" என்றார் செக்ரட்டரி எல்லோர் எதிரிலும். "கீரை கேக்குதா?"

வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "கேக்குது சார்" என்றேன். ஸ்டூலைப் போட்டு ஏறி மீட்டரைப் பார்த்தேன். நம்பர் எல்லாம் நீந்தியது.

அப்போது அந்த அம்மா வரிசையில் வந்து நின்றாள், கையில் ஒரு பித்தளை வாளி. அதற்கு முந்தின நாள் அவள் எருமை கன்று போட்டிருந்தது. அவள் முறை வந்ததும் வாளியை முன்னால் நகர்த்தினாள்.

"ஊத்திக்கோ கொழுந்தனாரே."

செக்ரட்டரி எட்டிப் பார்த்தார். மஞ்சளாக, கொழகொழவென்று இருந்தது. சீம்பால். கன்று போட்ட முதல் சில நாள் கறக்கிற பால். வெல்லம் போட்டுக் காய்ச்சினால் கட்டியாகி அல்வா மாதிரி வரும். எங்கள் ஜில்லாவில் அதை யாரும் விற்கமாட்டார்கள். பால் வாங்குகிற வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் ஒரு சொம்பு கொடுத்தனுப்புவதுதான் வழக்கம்.

"இன்னா அண்ணி, வெளையாடறியா? இது சீம்பாலு."

"பாலுதான?"

"பாலுதான். ஆனா இத்த ஊத்தினா, அங்க கொண்டுபோயிக் காய்ச்சினதும் மொத்தக் கேனும் திரிஞ்சிடும்."

"அப்ப இத்த இன்னா பண்றது?"

"எப்பவும் பண்றதத்தான் பண்ணு. வூட்டு வூட்டுக்குக் குடு."

"குடுக்கக் கூடாதே! நீதான தண்டோரா போட்ட? வித்தாலும் சரி, சும்மா குடுத்தாலும் சரி, ஒரு சொட்டு வெளிய போகக்கூடாதுன்னு. நான் சட்டத்தை மதிக்கற பொம்பள. ஊத்து."

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. செக்ரட்டரிக்குக் காது சிவந்தது.

"சட்டத்துல சீம்பாலு சேராது அண்ணி."

"எங்க சொன்ன? தண்டோராக்காரரு சீம்பாலுன்னு ஒரு வார்த்த சொல்லலியே. வருஷா வருஷம் உன் வூட்டுக்கு நான் ஒரு சொம்பு குடுத்தனுப்பல? போன வருஷம் வழிச்சி வழிச்சித் தின்னுட்டு, அண்ணி, இன்னும் கீதான்னு கேட்டது ஆரு? இந்த வருஷம் குடுக்கட்டுமா வேணாமா, நீயே சொல்லு. குடுத்தா என் பேர அடிப்பியா?"

"எங்க வூட்டு மாடு தை மாசம் கன்னு போடும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும் இப்பவே சொல்லிடு நைனா!"

"சரி, சரி. சீம்பாலுக்கு மட்டும் விட்டுடலாம்" என்றார் செக்ரட்டரி.

"சீம்பாலு போலாம். அப்ப கொழந்தப் பாலு?"

"ஆரு கொழந்த?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த இடத்தில் பேசாமல் ஸ்டூல்மேல் நின்றிருந்தால் நான் புத்திசாலி. ஆனால் என் கால்களுக்கு அந்த யோசனை தோன்றவில்லை. எப்படியாவது அங்கிருந்து நழுவிவிட வேண்டும் என்று அவசரமாக இறங்கினேன். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், பை வாயைத் திறந்துகொண்டு தலைகீழாகப் போனது. கூஜா உருண்டது. மூடி கழன்றது. சிமென்ட் தரையில் வெள்ளை வெளேரென்று பால் ஓடி, செக்ரட்டரியின் செருப்பைச் சுற்றிக்கொண்டு நின்றது.

யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"மூலத்துக்குக் குடுக்கற மருந்து வெள்ளையா கீதே."

சிரிப்பு வெடித்தது. நான் தரையில் உட்கார்ந்தபடி கூஜாவை நிமிர்த்தினேன். அடியில் ஒரு வாய்ப் பால்கூட இல்லை. அன்றைக்குப் பெண்ணுக்கு இருந்தது அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் மெமோவும் மறந்தது, பேப்பர் செய்தியும் மறந்தது. மாட்டிக்கொண்டால் பேசுவதற்கென்று மனதுக்குள் ஒரு பெரிய பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். உழவனின் உரிமை, உண்பவனின் உரிமை என்றெல்லாம் வரும். அதில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை.

"எம் பொண்ணுக்கு ஒத்த மாட்டுப் பாலுதான் சார் நிக்குது" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சோர்ந்துபோன குரலில் பேசினார்.

"என் கஷ்டம் ஒங்களுக்குத் தெரியாது சார். கேன் ரொம்பலன்னா வேனு வராது. வேனு நின்னுட்டா இத்தனை வூட்டுப் பாலையும் நீங்களா வாங்குவீங்க? பழையபடி தரகன்கிட்டதான் போய் நிக்கணும்."

 அவர் சொன்னது நியாயம். அவள்தான் பதில் சொன்னாள். இந்த முறை கிண்டல் இல்லை.

"கேன நான் கொறைக்கல கொழுந்தனாரே. நாலு நாள் போனா எருமைப் பாலு பூராவும் ஒனக்குத்தான். செவலையிலயும் மிச்சம் ஒனக்குத்தான். சங்கம் ஓணும். ஆனா எங்க நெலம், எங்க தீனி, நான் கறக்கற மடி. கொழந்தைக்குன்னு ஒருத்தன் வந்து கேட்டா இல்லன்னு சொல்றத்துக்கு என் வாயி வராது. திருட்டுத்தனமாக் குடுத்தேன், தப்புதான். இனிமே வாசல் வழியா பட்டப்பகல்லதான் குடுப்பேன். பேர அடிக்கறதுன்னா அடி."

வரிசையிலிருந்த இன்னொரு பெண் தன் சொம்பைத் தரையில் டணார் என்று வைத்தாள். "எங்க தெருவுல படுத்துக் கெடக்கற கெழவருக்கு நானும் தினம் ஒரு டம்ளர் குடுக்கறேன். என் பேரையும் சேத்து அடி." அப்புறம் இன்னொருத்தி. பார்த்தால், ஆளாளுக்கு ஒரு டம்ளர் எங்கேயோ போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடத்தல்காரர்கள் சங்கமே அங்கே நின்றுகொண்டிருந்தது. நடுங்கியவன் மட்டும் நான் ஒருவன்.

செக்ரட்டரி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனையும் போயும் கேன் ரொம்பிக்கினுதான கீது? அப்ப எதுக்கு நான் தண்டோரா போட்டேன்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மெம்பர்களைக் கூட்டிப் பேசினார்கள். மூன்றாவது தண்டோரா வந்தது. சீம்பால், குழந்தைப் பால், நோயாளிப் பால் இது மூன்றும் அவரவர் வீட்டு இஷ்டம், யாரும் கேட்கமாட்டார்கள். மிச்சம் சங்கத்துக்கு. தண்டோராக்காரர் சொந்தமாக ஒன்று சேர்த்துக்கொண்டார் என்று கேள்வி: "மீட்டரு சாரு இனிமே தைரியமா நடக்கலாம்!"

ஆனால் அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. பால் கொட்டியது வெள்ளிக்கிழமை. காலிக் கூஜாவோடு நான் நின்றேன். செவலையைக் கறந்தாகிவிட்டது.

"வா சார்" என்றாள் அவள். "கன்னுக்குன்னு ஒரு காம்பு விட்டு வெச்சிக்கீறேன். அத்தக் கேட்டுப் பாக்கலாம்."

கொட்டகைக்குப் போனோம். கன்றின் கயிற்றை என் கையில் கொடுத்தாள். "புடிச்சிக்கோ. விட்டா அது குடிச்சிடும்."

இரண்டு கையாலும் பிடித்தேன். கன்று என்னை இழுத்தது. குழி விழுந்த கொட்டகைத் தரையில் நான் சாணியில் சறுக்கிக்கொண்டே அதன் பின்னால் போனேன். பல்லில்லாத நாய் குலைத்தது. பசு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. முதன்முறையாகக் கதவு இல்லாமல் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். அந்தக் கண்ணில் கோபம் ஒன்றும் இல்லை. தன் பிள்ளைக்கு வைத்திருந்ததை என் பிள்ளைக்கு விட்டுக்கொண்டிருந்தது. நான் "தேங்க்ஸ்" என்றேன். மாட்டுக்கு இங்கிலீஷில் தேங்க்ஸ் சொல்லுகிற பைத்தியம் என்று அந்த அம்மா கறப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

அந்த ஒரு கூஜாவை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பைக்குள் வைக்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டு, சங்கத்து வாசல் வழியாகவே போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கால் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடியது.

தண்டோரா போட்ட மறுநாள் செவலை மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தது, கழுத்து மணி சத்தத்தோடு, நடுத்தெருவில். கூடவே எங்களுக்கும் ஒரு சொம்பு சீம்பால். மாமியார் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சினாள். அந்தச் சொம்பை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, உள்ளே ஏதாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், செக்ரட்டரி அன்று காலைகூடக் கொண்டுவந்து கொடுத்த துத்திக்கீரைதான் இருந்தது. மூலம் இல்லை என்று தெரிந்தபிறகும் விடவில்லை அந்த மனுஷன். "ஒடம்புக்கு நல்லது சார், வருமுன்னே சாப்பிடுங்க" என்றார். அதையே ஒரு பிடி சொம்பில் போட்டுக் கொடுத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ சாமி, ஒன் நோவ எனக்கு எதுக்குக் குடுக்கற?"

பிறகு கறக்கிற சொம்பை எடுத்தாள்.

"வெளிய வா சார். பாரு."

நான் கதவைத் தாண்டி வந்தேன், பசுவிடமிருந்து நாலு அடி தள்ளி நின்றேன். மூன்றடி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் என் மனைவி இதைப் படிப்பாள். குழந்தை என் தோளில் இருந்தது. அவள் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"பாத்துட்டேன் அக்கா" என்றேன். பெண்ணும் எட்டிப் பார்த்தாள்.  சொம்பு நிமிர்ந்தது. முதல் பீச்சு அடியில் பட்டுச் சர்ர்ரென்று சத்தம் கேட்டதும் என் தோளில் கைதட்ட ஆரம்பித்தாள்.